அம்மா வந்திருக்கிற வீடு

யோகலிங்கம் மீன் றோல்ஸ் சாப்பிட்டு எட்டு நாளாகிவிட்டது. மனிதனின் பொறுமைக்கும் ஓர் அளவுண்டு அல்லவா?

"இது என்ன நானா?" என்று தட்டில் இருந்த உருண்டை ரொட்டியை விரலால் தட்டிப் பார்த்தான். டக் டக் என்றது.

"பணிஸ்," என்றார் தாஹிர் நானா.

"துறைமுகத்தில கப்பல் திருத்த இரும்பு தட்டுப்பாடாம். இதைக் கொண்டுபோய்க் குடுங்கோ, நல்ல விலை வரும்," என்றான் அவன்.

திருகோணமலைத் துறைமுக வாசலுக்கு எதிரே இருக்கிறது தாஹிர் நானாவின் தேநீர்க்கடை. அங்கே காலை ஏழரைக்குள் தீர்ந்துவிடும், எண்ணெயில் பொரித்த மீன் றோல்ஸ்தான் அந்த வட்டாரத்தில் பேர்போனது. அதிலும் ஒரு முனையில் கறிவேப்பிலை ஒன்று ஒட்டியிருந்தால் உள்ளே உறைக்கிற பச்சைக் கொச்சிக்காய் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி இலை ஒட்டியதில் மூன்று, ஒரு வெறுந்தேத்தண்ணி. இதுதான் யோகலிங்கத்தின் காலைக் கடன். அந்தக் கடனைப் போன செவ்வாய்க்கிழமை முதல் யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள்.

"றோல்ஸ் ஏன் வாறதில்லை எண்டு இண்டைக்காவது சொல்லுங்கோ."

"அது பெரிய கதை மகன்," என்று தாஹிர் நானா தொடங்கியதும், கடைக்கு மேல்மாடியிலிருந்து படிகள் தடதடத்தன.

இறங்கி வந்தவள் ஷிஃபானா. கிண்ணியாக்காரி. முப்பத்தெட்டு வயது. காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்துச் சலித்து, சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியவள். மேல்மாடியில் அவளுக்கு ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பெயர்ப்பலகை. கீழே யோகலிங்கத்தின் ஓட்டோ. அவன் அவளுடைய உதவியாளனா சாரதியா என்பது இன்னும் தீர்க்கப்படாத வழக்கு. அவளைவிட நாலு வயது மூத்தவன் என்றாலும் அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவான்.

"யோகண்ணன், ஓட்டோவை எடுங்க. ஒரு ஆளைத் தேடணும். நாலு மணிக்குள்ள."

"எந்த நாள் நாலு மணி, மிஸ்?"

"இண்டைக்கு."

கடை மணிக்கூட்டில் பத்தேகால். யோகலிங்கம் பணிஸைக் கடவுளுக்கே விட்டுவிட்டு எழுந்தான்.

உட்துறைமுக வீதியில், கடலைப் பார்த்தபடி இருந்த சின்ன ஆய்வு நிலையத்தில் டொக்டர் கீர்த்தனி அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். யோகலிங்கம் அந்தக் கதவையே பார்த்தான். கதவைச் சாத்துகிற டொக்டர் நல்ல செய்தி சொன்னதாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

"எங்கட நோயாளி ஒருத்தி காணாமல் போயிட்டா," என்றாள் டொக்டர். "பேர் ராணி எண்டு தந்தவ. விலாசத்துக்கு ஆள் விட்டன். அந்த இலக்கத்தில ஒரு சைக்கிள் கடைதான் இருக்கு. போன் ஓஃப்."

"தேடினாக் குற்றமில்லையா?" என்றாள் ஷிஃபானா.

"வராட்டித் தேடலாம் எண்டு அவவே படிவத்தில கையெழுத்து வச்சிருக்கிறா. ஆனா ஒரு நிபந்தனை. நோய் வருத்தத்தின்ர பேர் உங்கட வாயால ஒருத்தருக்கும் போகக் கூடாது. வீட்டாருக்கும்தான்."

"என்ன வருத்தம்?"

"கர்ப்பப்பை வாசல்ல புற்றுநோய் தொடங்கிற நிலை. எச்.பி.வி. எண்ட வைரஸால வாறது. அது வராமல் தடுக்கிற ஊசியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போடுறம். ஆனா கிருமி வந்து குடியேறினாப் பிறகு அந்த ஊசியால பிரயோசனமில்லை. நாங்கள் குடுக்கிறது வேற ஊசி. வந்ததை விரட்டுற ஊசி. இன்னும் பரிசோதனையிலதான் இருக்கு. கிழமைக்கு ஒண்டாய் மூண்டு."

"அதுக்குள்ள என்ன மருந்து, டொக்டர்?" என்று கேட்டான் யோகலிங்கம்.

"மருந்தில்லை. வைரஸ்."

யோகலிங்கம் கதிரையை அரை அடி பின்னால் இழுத்துக்கொண்டான்.

டொக்டர் சிரித்தாள். "பயப்பிடாதேங்கோ. முந்திப் பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பாவிச்ச வைரஸ் ஒண்டு. அம்மைக் கிருமிக்குச் சொந்தக்காரன். அதை மாத்தி மாத்தி வளர்த்து, மனுசற்ற உடம்புக்குள்ள பெருக ஏலாத மாதிரி ஆக்கியிருக்கு. பல்லுப் பிடுங்கின பாம்பு. அதுக்குள்ள எச்.பி.வியின்ர ரெண்டு அடையாளத்தைச் செருகி அனுப்புறம். அது உள்ள போய் உடம்பின்ர காவல்காரருக்கு அந்த அடையாளத்தைக் காட்டும். 'இந்த மூஞ்சி உள்ள உயிர்க்கலம் எங்க கண்டாலும் பிடி' எண்டு."

"தேடப்படுபவர் எண்டு படம் ஒட்டுற மாதிரி," என்றாள் ஷிஃபானா.

"அதேதான்."

"அப்ப வைரஸும் எங்கட தொழிலுக்கு வந்திட்டு, மிஸ்," என்றான் யோகலிங்கம். "இனி ஆர் எங்களைக் கூப்பிடப் போகினம்?"

டொக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. "ரெண்டு ஊசி போட்டாச்சு. மூண்டாவது நேற்றுப் போட வேண்டியது. ஒரு நாள் பிந்தலாம். இண்டைக்கு நாலு மணி தாண்டினா அவ இந்தப் பரிசோதனையில இல்லை. பிறகு கத்திதான். எவ்வளவு வெட்ட வேண்டி வரும் எண்டு சொல்ல ஏலாது, கர்ப்பப்பையையே எடுக்கிற மாதிரியும் வரலாம். முப்பத்தாறு வயசு, இன்னும் பிள்ளை இல்லை. வந்த ரெண்டு தரமும் என்னட்ட ஒரே கேள்விதான் கேட்டவ. 'டொக்டர், பிறகு எனக்கொரு பிள்ளை பிறக்குமோ?'"

யோகலிங்கத்துக்கு வாயில் வந்த பகிடி அப்படியே உள்ளே போய்விட்டது.

"ஏன் பொய் விலாசம்?" என்றாள் ஷிஃபானா.

"புருசன் கட்டாரில. இது ஆண் பெண் உறவால பரவுற கிருமி. வருசக்கணக்காச் சத்தம் போடாமல் உடம்புக்குள்ள கிடக்கும். ஆரிட்ட இருந்து எப்ப வந்தது எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. ஆனா ஊர்ச்சனம் சொல்லும்."

ஷிஃபானா படிவத்தை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். 'ராணி' என்ற கையெழுத்துக்கு முன்னால் ஓர் எழுத்து எழுதப்பட்டு, பேனையால் அழுத்தி அழுத்தி வெட்டப்பட்டிருந்தது.

"பொய்ப் பேர் வச்சுப் பழக்கமில்லாத ஆள். பேனை முதல்ல உண்மையை எழுதியிருக்கு. 'பு'. அதுக்குப் பிறகுதான் பயம் வந்திருக்கு. பு... ராணி."

"புவனராணி, புனிதராணி, புஸ்பராணி," என்று அடுக்கினான் யோகலிங்கம். "பெரிய புராணமாய்ப் போகும் மிஸ். இந்தப் பட்டினத்தில இருநூறு பேராவது இருப்பினம்."

ஷிஃபானா தாதி ஷாமிலாவின் பக்கம் திரும்பினாள். ஊசி போடும்போது கை பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

"அவவைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கு? என்ன உடுத்திருந்தா, என்ன கதைச்சா, என்ன கொண்டு வந்தா?"

"அமைதியான மனிசி. வெறுங்கையோட வரமாட்டா. ரெண்டு தரமும் எங்களுக்குத் தின்னத் தந்தவ." ஷாமிலா தயங்கினாள். "மீன் றோல்ஸ். 'இலை ஒட்டினது உறைக்கும், பாத்துச் சாப்பிடுங்க' எண்டு சொல்லியும் தந்தவ."

யோகலிங்கம் எழுந்து நின்றுவிட்டான்.

"என்ன இலை? கறிவேப்பிலையோ? ஒரு முனையில மட்டுமோ?"

"ஓம். உங்களுக்கு எப்பிடி..."

"மிஸ்," என்றான் யோகலிங்கம். "எனக்கு இந்த மனிசியின்ர முகம் தெரியாது. ஆனா மூண்டு வருசமாய் இவவின்ர கையால சாப்பிடுறன்."

பதினொன்றரைக்கு மீண்டும் தாஹிர் நானாவின் கடை. பெரிய கதையை இப்போது கேட்டே ஆகவேண்டும்.

"ஒரு மெலிஞ்ச மனிசி வாளியில கொண்டு வாறவ," என்றார் தாஹிர் நானா. "பேர் தவமணி. சமைக்கிறது அவவில்ல, அவட தம்பிர பொஞ்சாதி. டொக்யாட் றோட்டுக்குப் பின்னால ஏதோ ஒழுங்கை. போன செவ்வாய் வெறுங்கையோட வந்து நிண்டா. 'வீட்ட அம்மா வந்திருக்கிறா நானா, அடுப்பில எண்ணெய்த் தாச்சி வைக்க ஏலாது' எண்டா. எப்ப போவா எண்டு கேட்டன். 'அவ நினைச்சாப் போவா' எண்டா. என்ன உம்மா இது! எங்கட வீட்ட உம்மா வந்தா ஒண்டுக்கு ரெண்டு தாச்சி வைப்பம்."

ஷிஃபானாவின் கண் மின்னியது. குறிப்புப் புத்தகம் வெளியே வந்தது.

"ஆக, வெளியூரில இருந்து தாய் வந்திருக்கிறா. மகளை வீட்டை விட்டு வெளிய விடாமப் பிடிச்சு வச்சிருக்கிறா. ஒருவேளை விசயம் தெரிஞ்சிட்டு. அந்தத் தாய் எந்த ஊர்? மூதூர்ப் பக்கமா, குச்சவெளிப் பக்கமா? போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸில வந்திருந்தா..."

அவள் பேசப் பேச யோகலிங்கம் பணிஸைக் கடித்தபடி நின்றான். கடித்தவன் அப்படியே நின்றுவிட்டான். தாடை அசையவில்லை.

"நானா, அந்த மனிசி 'அம்மா' எண்டவவோ, 'அம்மாள்' எண்டவவோ?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் மகன்?"

"பெத்தவளுக்கும் படைச்சவளுக்கும் உள்ள வித்தியாசம்!"

தாஹிர் நானா ஷிஃபானாவைப் பார்த்தார். ஷிஃபானா யோகலிங்கத்தைப் பார்த்தாள். ஒன்றாய்ப் பழகிய மூன்று வருடத்தில், அவளுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருப்பது இதுதான் முதல் தடவை. அந்த இன்பத்தை அவன் கொஞ்சம் ஆறுதலாகவே அனுபவித்தான்.

"எங்கட சனம் அம்மை வந்திட்டு எண்டு வாயால சொல்லாது மிஸ். 'அம்மாள் வந்திருக்கிறா' எண்டுதான் சொல்லும். அம்மாள் வீட்ட நிக்கேக்க எண்ணெய் கொதிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, மீன் வாசம் கூடாது. வாசல் படலையில வேப்பிலை கட்டிப்போடுவம். வெளி ஆள் உள்ள போக ஏலாது. வருத்தக்காரர் வெளிய வர ஏலாது. ஒற்றை எண் விழுகிற நாளாய்ப் பாத்துத் தலைக்குத் தண்ணி வாத்த பிறகுதான் விடுதலை."

"கொப்புளிப்பானா!" என்று தாஹிர் நானா தலையில் கை வைத்தார். "நான் அந்த உம்மாக்குச் சலாமும் சொல்லி அனுப்பினனே!"

ஷிஃபானா சிரிக்கவில்லை. அவள் யோசனை வேறெங்கோ போயிருந்தது. கடைக்கு வெளியே வந்து தணிந்த குரலில் கேட்டாள்.

"யோகண்ணன், ஊசிக்குள்ள இருந்தது என்ன?"

"அம்மையின்ர சொந்தக்..." அவன் ஓட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "மிஸ்! பிடுங்கின பல்லு திருப்பி முளைச்சிட்டோ?"

டொக்டர் கீர்த்தனி தொலைபேசியில் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ஏலாது. அது மனுச உடம்புக்குள்ள பெருகாது. கை சிவக்கும், ரெண்டு நாள் காய்ச்சல் காயும், அவ்வளவுதான். எண்டாலும் போய்ப் பாருங்கோ. முகத்தில ஒரு கொப்புளம் கண்டாலும் எனக்குச் சொல்லுங்கோ, நானே வாறன். இல்லாட்டி ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

டொக்யார்ட் வீதியின் பின்பக்கம் ஒழுங்கைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகின்றன. வேப்பிலை கட்டிய படலையைத் தேடி யோகலிங்கம் எல்லாவற்றுக்குள்ளும் ஓட்டோவை விட்டான். ஒரு மணியாகிவிட்டது. மாவிலை கட்டிய படலை இருந்தது, எலுமிச்சம்பழம் கட்டிய படலை இருந்தது, 'நாய் கடிக்கும்' என்று எழுதிய படலை இருந்தது, கடிக்கிற நாயும் இருந்தது. வேப்பிலை மட்டும் இல்லை.

"உங்கட அம்மாள் தியரி பிழையோ?" என்றாள் ஷிஃபானா.

யோகலிங்கம் பதில் சொல்லப் போனவன் சடக்கென்று பிறேக் போட்டான். ஒழுங்கையின் நடுவே ஒரு புள்ளிமான் நின்றது. இந்தப் பட்டினத்தில் மான் வழிமறிப்பது மாடு வழிமறிப்பதைப் போலத்தான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் ஹோர்ன் அடித்தான். மான் அசையாமல் எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் பச்சையாய் ஒரு ஈர்க்கு நீட்டிக்கொண்டிருந்தது.

ஷிஃபானா இறங்கிப் பக்கத்துப் படலையைப் பார்த்தாள். இரண்டு கம்பத்திலும் கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் இலை உருவிய காம்புகள் மட்டும் தொங்கின.

"யோகண்ணன், சாட்சியை உங்கட மான் திண்டுபோட்டுது."

"அதுக்குக் கசக்கேல்லையாமோ?" என்றபடி இறங்கினான் யோகலிங்கம். அம்மாளின் வாசல் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படலையடியில் போய் நின்றான்.

தட்டுமுன் உள்ளிருந்து குரல் வந்தது. "உள்ள வரவேண்டாம்! அம்மாள் வந்திருக்கிறா."

வந்தவள் ஐம்பது வயது மதிக்கத்தக்க, மெலிந்து உயர்ந்த மனிசி. கையில் புதிய வேப்பங்கொத்து. தவமணிதான்.

"தாஹிர் நானாவின்ர கடையில இருந்து வாறம் அக்கா," என்றான் யோகலிங்கம். "றோல்ஸ் எப்ப வரும் எண்டு கேட்டு விட்டவர்."

"புஸ்பராணிக்குச் சுகமானாப் பிறகுதான். நாளைக்குத்தான் ஒன்பதாம் நாள். நாளைக்குத் தண்ணி வாப்பன்."

பு... ராணி. ஷிஃபானா அவனைக் கடைக்கண்ணால் பார்த்தாள். பிறகு தொலைபேசியைக் காதில் வைத்து, யாரோ கூப்பிட்டதைப் போல "ஹலோ, ஹலோ" என்றபடி வேலியோரமாய்ப் பின்பக்கம் நழுவினாள். தவமணியைப் படலையில் பிடித்து வைக்கிற வேலை யோகலிங்கத்தின் தலையில் விழுந்தது.

கதைப்பதற்கு அவனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மானைப் பற்றிக் கதைத்தான், வெயிலைப் பற்றிக் கதைத்தான், மீன் விலையைப் பற்றிக் கதைத்தான். கதைத்துக்கொண்டே கண்ணைக் கழற்றி உள்ளே விட்டான். முற்றத்து வெயிலில் ஒரு பெரிய பித்தளைப் பானை. தண்ணீர், வேப்பிலை, மஞ்சள். தலைக்கு வார்க்கிற தண்ணீர். நாளைக்குத்தான் வார்ப்பது என்றால் அது இன்றைக்கே ஏன் வெயிலில் காய்கிறது? அதே நேரம் யன்னல் சீலை விலகி ஒரு முகம் எட்டிப் பார்த்து மறைந்தது. அழுது வீங்கிய முகம். ஆனால் துடைத்து வைத்த கண்ணாடி போல ஒரு கொப்புளம்கூட இல்லாத முகம்.

பத்து நிமிடத்தில் ஷிஃபானா திரும்பி வந்து அவனை ஓட்டோவடிக்குக் கூட்டிப்போய்க் கிசுகிசுத்தாள்.

"பின் யன்னலால கதைச்சன். அம்மையும் இல்ல, ஒண்டும் இல்ல. ரெண்டாவது ஊசி போட்ட திங்கள் இரவு காய்ச்சல். விடிய மச்சாள் தவமணி இவட கையில சிவப்பைக் கண்டு என்ன எண்டு கேட்டிருக்கிறா. பயத்தில வாயில வந்தது 'அம்மாள்'. ரெண்டு நாள்ல சமாளிக்கலாம் எண்டு நினைச்சா. மச்சாள் வேப்பிலையைக் கட்டி, தாச்சியைக் கவிட்டு, வாசல்ல கண்கொத்திப் பாம்பாய்க் குந்திட்டா. இப்ப பொய்யை விட்டு வெளிய வர வழி இல்ல. போன்ல சார்ஜ் போடவும் பயம், கிளினிக்கில இருந்து கூப்பிட்டிருவாங்க எண்டு."

"தானே பூட்டின வீட்டுக்குள்ள தானே மாட்டியிருக்கிறா."

"உண்மையைச் சொல்லச் சொன்னன். செத்தாலும் மச்சாளுக்குச் சொல்ல மாட்டாவாம். புருசனை வளத்து ஆளாக்கினவ அவதானாம்." ஷிஃபானா மணிக்கூட்டைப் பார்த்தாள். "ஒண்டே முக்கால். நாங்களும் சொல்ல ஏலாது. தண்ணி வாக்காம வெளிய வந்தா இந்த ஒழுங்கை முழுக்கக் கதைக்கும். என்ன செய்யலாம்?"

எதிர்வீட்டு வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் ஏற்கெனவே முளைத்திருந்தன. யோகலிங்கம் பிடரியைச் சொறிந்தான். ஒன்பதாம் நாள். ஒற்றை விழவேண்டும். இன்று எட்டு. எட்டை ஒன்பதாக்க யாரால் முடியும்?

அவன் படலையடிக்குத் திரும்பிப் போய் விரல்களை மடக்கத் தொடங்கினான்.

"அக்கா, எந்த நாளில இருந்து எண்ணுறீங்கள்?"

"போன செவ்வாய். அண்டைக்கு விடியத்தான் சொன்னவள்."

"சொன்னது செவ்வாய். காய்ச்சல் வந்தது எப்ப?"

தவமணி வேப்பங்கொத்தை மறுகைக்கு மாற்றினாள். "திங்கள் இரவு."

"அப்ப அம்மாள் வந்தது திங்கள். நீங்கள் கண்டதுதான் செவ்வாய். விருந்தாளி வந்த நாளில இருந்துதானே எண்ண வேணும்? திங்கள் ஒண்டு, செவ்வாய் ரெண்டு..." அவன் ஒன்பதாவது விரலை மடக்கினான். "இண்டைக்கு ஒன்பது."

தன் மூளையை நினைத்து அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. தவமணி மட்டும் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதிர்வேலித் தலைகளுக்குக் கேட்காதபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தம்பி, அவள் எங்க போக வேணும் எண்டு நான் கேக்கேல்லை. எத்தினை மணிக்குப் போக வேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

யோகலிங்கம் ஷிஃபானாவைப் பார்த்தான்.

"முகத்தில ஒரு பரு இல்லாத அம்மாளை என்ர சீவியத்தில நான் கண்டதில்லை," என்றாள் தவமணி. "அண்டைக்கே தெரியும். பாயைத் தட்டேக்க ஒரு அட்டை விழுந்தது. காலமை எத்தினை, பின்னேரம் எத்தினை எண்டு காய்ச்சலை எழுதி வச்சிருக்கிறாள். அம்மாளுக்கு ஆர் கணக்கெழுதுறது? எங்கயோ டொக்டரிட்டப் போறாள், எனக்குச் சொல்லப் பயப்பிடுறாள் எண்டு விளங்கிட்டு. நான் கேட்டா இன்னொரு பொய் சொல்லுவாள். அவளை ஏன் பொய்க்காரி ஆக்குவான்? வேப்பிலையைக் கட்டிவிட்டால் ஒருத்தரும் வந்து அவளைக் கேள்வி கேக்காயினம், பிள்ளை நிம்மதியாய்ப் படுக்கட்டும் எண்டு நினைச்சன்." அவள் யன்னல் பக்கம் பார்த்தாள். "நேற்று முழுக்க மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து அழுதாள். எனக்குப் பொறுக்கேல்லை. அதுதான் இண்டைக்கே தண்ணியை வெயில்ல வச்சன். எண்ணிக்கை இடிச்சுது. இப்ப நீங்கள் எண்ணித் தந்திட்டீங்கள்."

ஒருத்தி மற்றவளுக்குப் பயந்து பொய் சொன்னாள், மற்றவள் அந்தப் பொய்க்குக் காவல் இருந்தாள். எட்டு நாளாக இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு பத்தியச் சோறு தின்றிருக்கிறார்கள். யோகலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது.

"நாலு மணி அக்கா," என்றாள் ஷிஃபானா.

தவமணி ஒழுங்கை முழுவதற்கும் கேட்கிற குரலில் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "புஸ்பம்! எழும்பி வா, அம்மாளுக்குத் தண்ணி வாக்கிற நேரம்!"

தண்ணீர் வார்த்து, தலை துவட்டி, விளக்கு வைத்து, எதிர்வீட்டுக்காரி இரண்டு முறை வந்து விசாரித்துப் போக மூன்று மணி தாண்டிவிட்டது. "கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத் தவமணியும் ஓட்டோவில் ஏறினாள். ஈரத்தலையுடன் புஸ்பராணி நடுவில். யோகலிங்கம் மிதித்த மிதியில் ஓட்டோ விமானமாகப் பார்த்தது.

பாதி வழியில்தான் புஸ்பராணி வாயைத் திறந்தாள். "மச்சாள், நான் உங்களுக்கு மறைச்சிட்டன்."

"தெரியும்."

"இது... இது மனுசரிட்ட இருந்து மனுசருக்கு வாற கிருமியாம். புருசன் பொஞ்சாதி உறவால. ஆனா நான் சத்தியமாய்..." அழுகை வந்து மிச்சத்தை விழுங்கியது.

யோகலிங்கம் கண்ணாடியில் பார்த்தான். தவமணியின் முகம் கல்லாக இருந்தது. சரி, முடிந்தது கதை என்று நினைத்தான்.

"சத்தியம் பண்ணாத," என்றாள் தவமணி. "என்ர தம்பியை ஒன்பது வயசில இருந்து வளத்தவள் நான். அவன் எந்தெந்தத் துறைமுகத்தில வேலை செய்தவன், எப்பிடித் திரிஞ்சவன் எண்டு எனக்குத் தெரியும். உன்னைப் பற்றியும் எனக்குத் தெரியும்."

"அக்கா, அப்பிடியும் சொல்ல ஏலாது," என்றாள் ஷிஃபானா மெதுவாக. "அது வருசக்கணக்கா ஒளிச்சிருக்குமாம். கிருமியில ஆருடைய பேரும் எழுதியிருக்காது."

"எழுதாட்டி நல்லதாய்ப் போச்சு. லீவில வரட்டும். அவனையும் காதில பிடிச்சுக் கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டுவம்."

புஸ்பராணி அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு அவளுக்கு வேறொரு பயம் வந்தது. "அம்மாளின்ர பேரைச் சொல்லிப் பொய் சொல்லிப்போட்டன் மச்சாள். அந்தப் பாவம்?"

இதற்குப் பதில் யோகலிங்கத்திடம் இருந்தது. "பொய்யில்லை தங்கச்சி! டொக்டரைக் கேட்டுப் பாருங்கோ. ஊசிக்குள்ள வந்தது அம்மாளின்ர சொந்தக்காரிதான். பல்லைக் கழட்டி, கையில ஒரு படத்தைக் குடுத்து, 'இந்தக் கள்ளனைப் பிடி' எண்டு அனுப்பியிருக்கு. நீங்கள் அறியாமல் உண்மையைச் சொல்லியிருக்கிறீங்கள்."

தவமணியின் கை புஸ்பராணியின் ஈரத்தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு டொக்டர் கீர்த்தனி புஸ்பராணியை உள்ளே இழுத்துக்கொண்டாள். தாதி ஷாமிலா குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். புகை புகையாய்க் குளிர் வெளியே வழிய, அதற்குள்ளிருந்து விரல் நுனி அளவில் ஒரு குப்பியை எடுத்தாள். வாசலில் நின்ற தவமணி சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இவ்வளவு குளிருக்குள்ளேயோ வச்சிருக்கிறியள்?" என்று கேட்டாள்.

"ஓம் அம்மா. சூடு பட்டா அதுக்கு ஆகாது," என்றாள் ஷாமிலா.

"எந்தக் காலத்திலயும் அவவுக்குச் சூடு ஆகாதுதானே," என்றாள் தவமணி. அவளுக்கு அது புதினமாகவே இல்லை.

ஊசி ஏறியபோது சுவர் மணிக்கூட்டில் மூன்று ஐம்பத்தெட்டு. வெளியே உட்துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாய் ஊதியது. டொக்டர் வெளியே வந்து ஷிஃபானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுகமாகும் எண்டு நான் வாக்குக் குடுக்க ஏலாது. சில மாதம் பொறுத்துத்தான் தெரியும். ஆனா மூண்டும் போட்டாச்சு."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு யோகலிங்கம் தாஹிர் நானாவின் கடைக்கு வந்தபோது கண்ணாடிப் பெட்டி நிறைந்திருந்தது. அவனுக்கென்று தனியாக ஒரு தட்டில் ஆறு றோல்ஸ். எல்லாவற்றிலும் கறிவேப்பிலை.

"தவமணி தந்திட்டுப் போறா. உங்களுக்காம், சல்லி வேணாமாம்," என்றார் தாஹிர் நானா. பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன் பழைய அறியாமையைத் தானே பகிடி பண்ணிக் கேட்டார். "என்ன மகன், அந்த வீட்டு அம்மா போயிட்டாவா?"

யோகலிங்கம் ஒரு றோல்ஸை எடுத்து, இலை ஒட்டிய முனையிலிருந்து கடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. கொச்சிக்காய் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"இல்லை நானா," என்றான். "உள்ள நிண்டு வேலை செய்யிறா."